இரண்டு சென்டிமீட்டர் கணக்கு

மூளை ஸ்கேன் பிலிமில் 20 மில்லிமீட்டர் என்பது ஒரு எல்லைக்கோடு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில், நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையை உடம்பின் சொந்த எதிர்ப்பாற்றலே அரித்துவிடும். அரித்த இடம் எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். 3 மி.மீ.க்குக் குறைந்த திட்டை நரம்பு டாக்டர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. பெரும்பாலானவை ஒரு சென்டிமீட்டரை ஒட்டி நின்றுவிடும். 20 மி.மீ.யைத் தாண்டிய திட்டுக்கு மட்டும் 'கட்டி போன்றது' என்ற அடைமொழி ஒட்டிக்கொள்கிறது. சுற்றிலும் நீர்கோத்த வீக்கம், பக்கத்துத் திசுவைத் தள்ளும் அழுத்தம், கான்ட்ராஸ்ட் ஊசி போட்டதும் மின்னும் ஓரம் எல்லாம் மூளைக் கட்டிக்கும் உரிய அடையாளங்கள். ஸ்கேன் பார்த்தவர் ரிப்போர்ட்டில் இரண்டு பெயரையும் எழுதி, நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பிவிடுவார்.

அந்தக் கேள்விக்குறியை நீக்க ஒரு குழந்தைக்கு என்னென்ன செலவாகிறது என்பதே இங்கே கணக்கு. ரூபாய் அதில் ஒரு பத்திதான். நாள், மில்லிகிராம், கதிர்வீச்சு, மூளைத் திசு என்று வேறு நாணயங்களிலும் கட்ட வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்தால், எதை முதலில் செய்தார்கள், எதை அடுத்துச் செய்தார்கள் என்பதை வைத்தே தொகை ஏறுவதும் இறங்குவதும் தெரிகிறது. கையில் பணமிருந்தும் வரிசை தப்பியதால் நட்டப்படுகிற குடும்பங்கள் உண்டு.

லட்சத்தில் எத்தனை பேர்

அமெரிக்கப் பதிவேடுகளின்படி 19 வயது வரையிலான குழந்தைகளில் லட்சத்துக்கு 6 பேர் வீதம் ஆண்டுதோறும் மூளை, நரம்பு மண்டலக் கட்டியோடு வருகிறார்கள். குழந்தைப் பருவ மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், லட்சத்துக்கு 0.13 முதல் 0.66 வரை. ஒரு கோடிக் குழந்தைகள் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 600 கட்டிகள், 13 முதல் 66 ஸ்கிளிரோசிஸ். நம் பக்கம் தராசு இன்னும் சாயும். மங்களூரில் எடுத்த கணக்கில் எல்லா வயதினரையும் சேர்த்தே லட்சத்துக்கு 8 பேர் சொச்சம்தான் இந்த நோயோடு வாழ்கிறார்கள். வட ஐரோப்பாவிலும் கனடாவிலும் அந்த எண் 100-ஐத் தாண்டிவிடும். ஆகவே பெரிய திட்டைப் பார்த்ததும் டாக்டருக்குக் கட்டி ஞாபகம் வருவது பதற்றத்தால் அல்ல. எண்கள் அப்படித்தான் சொல்கின்றன.

அடுத்த வரியில் கணக்கு உதைக்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளில் கட்டி போன்ற திட்டு வருவது ஆயிரத்துக்கு 1 அல்லது 2 பேருக்கு. நம்முடைய ஒரு கோடிக் குழந்தைகளில் 66 பேருக்கு நோய், அதில் ஆயிரத்துக்கு 2 என்று தாராளமாகப் போட்டாலும், ஏழெட்டு ஆண்டுக்கு ஒரு குழந்தைதான் தேறும். ஆனால் குழந்தை நரம்பியல் வார்டுகளில் பெரிய திட்டு அவ்வளவு அபூர்வமில்லை. காரணம், இந்த வழக்கில் மூன்றாவது கட்சிக்காரர் ஒருவர் இருக்கிறார்: ஏ.டி.இ.எம். என்று சுருக்கிச் சொல்லப்படும் திடீர் மூளை அழற்சி. காய்ச்சல் சளி வந்துபோன சில நாளில், சில வாரத்தில், குழந்தை மந்தமாகி, பேச்சுக் குழறி, நடை தள்ளாடும். இதுவும் மையலினைத் தாக்குவதுதான். ஆனால் பெரும்பாலும் ஒருமுறை வந்து போய்விடும். லட்சத்துக்கு 0.2 முதல் 0.5 வரை, அதாவது கோடிக்கு 20 முதல் 50 குழந்தைகள். இதன் திட்டுகள் ஓரம் கலைந்து, 1 அல்லது 2 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பதே வழக்கம். சின்னக் குழந்தையிடம் கட்டி வேஷம் போடுவது பெரும்பாலும் இந்த ஆள்தான். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பின்வரிசையில் நிற்கிறது.

நாலாவது கட்சி இந்தியா போன்ற நாடுகளுக்கு உரியது. ஓரம் மின்னும் வளையம் என்றால் இங்கே காசநோய்க் கட்டியும் நாடாப்புழுக் கட்டியும் முதல் பட்டியலிலேயே வந்துவிடும். வேலூர் சி.எம்.சி.யில் வேதாந்தம் ராஜசேகரும் உடன் பணியாற்றியவர்களும் 1993-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். வலிப்பு வந்தவரின் மூளையில் ஒற்றைத் திட்டு 20 மி.மீ.க்குள் அடங்கி, நடுக்கோட்டைத் தள்ளாமல் இருந்தால் புழுக் கட்டி. அதற்கு மேல் போனால் காசநோயைத் தேடு. அங்கேயும் அதே 20. தற்செயல்தான், ஆனாலும் பலரை அறுவை மேசையிலிருந்து காப்பாற்றிய தற்செயல்.

வயதுப் பத்தி

உலக அளவில் 2020-இல் எடுத்த கணக்கில் 28 லட்சம் பேருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். அவர்களில் 18 வயதுக்குட்பட்டவர்கள் குறைந்தது 30,000. நூற்றுக்கு ஒருவர். ஆனால் நோயாளிகளைக் கூப்பிட்டு 'உங்களுக்கு எப்போது தொடங்கியது' என்று கேட்டால், 3 முதல் 5 சதவீதம் பேர் பதினெட்டுக்கு முன்னால் என்பார்கள். பத்து வயதுக்கு முன்னால் என்பவர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே. மூளைக் கட்டிக்கு இந்த வயது வரம்பெல்லாம் கிடையாது, கைக்குழந்தைக்கும் வரும்.

ஐந்து வயதுப் பையனுக்கு 3 சென்டிமீட்டர் திட்டு என்றால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பட்டியலின் அடியில் இருக்க வேண்டும். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அதே திட்டு என்றால் அது மேலே ஏறும். பருவமடைவதற்கு முன் ஆண், பெண் விகிதம் ஏறக்குறையச் சமம். அதற்குப் பின் ஒரு பையனுக்கு இரண்டு மூன்று பெண்கள். பிறந்த தேதி கேட்பதற்குக் காசு இல்லை. ஆனாலும் ஸ்கேன் உறையில் வயதுக் கட்டம் வெறுமையாக இருப்பது இங்கே அதிசயமில்லை.

நாள் கணக்கு

பிரிட்டனில் 4,171 குழந்தைகளின் தகவல்களைத் திரட்டி 2007-இல் வெளியான ஆய்வில், மூளைக் கட்டியின் அறிகுறிகள் இப்படி வரிசையாகின: தலைவலி 33 சதவீதம், குமட்டலும் வாந்தியும் 32, தள்ளாட்டம் 27, கண்ணுக்குள் நரம்பு முகப்பு வீங்கியிருத்தல் 13. இதில் வியப்பு அந்த 33தான். மூளைக் கட்டி என்றால் தலைவலி என்று ஊரே நினைக்கும்போது, மூன்றில் இரண்டு குழந்தைகளுக்கு அப்படி ஒன்று பதிவாகவே இல்லை.

கட்டி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வளரும். கையெழுத்துக் கோணும், காலையில் எழுந்ததும் வாந்தி வரும், வகுப்பில் பின்தங்கும். மையலின் நோய் அப்படிக் காத்திருக்காது. திங்கட்கிழமை ஒரு கண் மங்கும், வியாழக்கிழமை பார்வை போய்விடும். சில வாரத்தில் பாதியோ முழுதோ திரும்பும். 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் அதைத் தாக்குதல் என்றே எண்ணுவார்கள். ஏறி இறங்கும் இந்த வரைபடத்தை எந்த மெஷினும் வரைந்து தராது. அம்மாவோ அத்தையோ பாட்டியோ சொல்ல வேண்டும், எதிரே இருப்பவர் கேட்டு எழுத வேண்டும். பத்து நிமிடம் பிடிக்கும். கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் அந்தப் பத்து நிமிடம் எம்.ஆர்.ஐ.யைவிட அரிது.

ஊசியும் வளையமும்

கணக்குக்காக ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம்: வயது 10, எடை 30 கிலோ. எம்.ஆர்.ஐ.க்குக் கொடுக்கும் கடோலினியம் மருந்து, வழக்கமான வகையானால், கிலோவுக்கு 0.2 மில்லி, ஆக 6 மில்லி. ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல். அது ரத்தத்தோடு போய், மூளைக்கும் ரத்தத்துக்கும் இடையிலுள்ள தடுப்பு எங்கே கிழிந்திருக்கிறதோ அங்கே கசிந்து மின்னும்.

மின்னும் வடிவத்தைப் பார்க்க வேண்டும். தீவிரமான கட்டியில் ஓரம் முழு வட்டமாக, தடித்து, மேடுபள்ளமாக இருக்கும். சீழ்க் கட்டியில் முழு வட்டம், ஆனால் மெல்லியது. மையலின் திட்டில் வட்டம் முழுமையடையாமல் லாடம் போல ஒரு பக்கம் திறந்திருக்கும். அந்தத் திறப்பு பெரும்பாலும் மூளையின் சாம்பல் நிறப் புறணியைப் பார்த்தபடி இருக்கும். மூடிய பக்கம் வெண்பகுதியை நோக்கும். அழற்சி எந்தத் திசையில் முன்னேறுகிறதோ அந்த விளிம்புதான் மின்னுகிறது. எல்லாத் திட்டிலும் இது வாய்க்காது. வாய்த்தால் வலுவான சாட்சி.

அடுத்தது ரத்த ஓட்டம். கட்டி தனக்கென்று புது ரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்ளும். மையலின் திட்டு இழுக்காது, இருக்கிற சிரை அதன் நடுவே அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். 2001-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், நலமான மூளைப் பகுதியை 1 என்று வைத்து ரத்த அளவை ஒப்பிட்டார்கள். மையலின் திட்டில் சராசரி 0.88. கட்டிகளில் 6.47. ஏழு மடங்கு இடைவெளி. ஆய்வில் இருந்தவர்கள் பக்கத்துக்குப் பத்துப் பேர் அளவுதான், கட்டிகளின் எண்களும் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தன. தீவிரம் குறைந்த கட்டியிலும் இந்த எண் தாழ்ந்தே இருக்கலாம் என்பதால், 0.88 வந்தது என்று கட்டியைத் துடைத்தெறிய முடியாது. 6 வந்தால் மையலினை ஒதுக்கலாம். ஒருவழிப் பாதை மாதிரியான சோதனை.

எனக்கு இந்த ஏட்டில் மிகவும் பிடித்த வரி சி.டி. ஸ்கேன்தான். எம்.ஆர்.ஐ. வந்தபின் சி.டி.யைப் பழைய சாமான் என்று ஒதுக்கும் பழக்கம் வந்துவிட்டது. தென் கொரியாவில் 2009-இல் வெளியான ஆய்வு, எம்.ஆர்.ஐ.யில் மின்னிய அதே இடத்தை ஊசி போடாத சாதாரண சி.டி.யில் தேடியது. மையலின் நோயாளிகளில் 93 சதவீதம் பேருக்கு அந்த இடம் சி.டி.யில் அடர்த்தி குறைந்து கறுத்துத் தெரிந்தது. கட்டி உள்ளவர்களில் அப்படிக் கறுத்தது 4 சதவீதம். உயிரணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் கட்டி எக்ஸ்ரேயை மறிக்கிறது. உறை கரைந்து நீர் கோத்த திட்டு மறிப்பதில்லை, அவ்வளவுதான் சூட்சுமம். எம்.ஆர்.ஐ. மட்டும் பார்த்தபோது சரியாகச் சொன்னது 73 சதவீதம், சி.டி.யையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது 97.

விலையைப் பாருங்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் நடத்தும் ஸ்கேன் மையங்களில் நெடுங்காலமாகச் சி.டி.க்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய். தனியாரில் கான்ட்ராஸ்டோடு எம்.ஆர்.ஐ. என்றால் ஊரைப் பொறுத்து 8,000, 10,000 என்று போகும். 24 சதவீதப் புள்ளிகளை 500 ரூபாய்க்குத் தரும் வேறு சோதனை எனக்குத் தெரியவில்லை. இலவசமல்ல: தலை சி.டி. ஒன்றுக்கு 2 மில்லிசீவர்ட் அளவில் கதிர்வீச்சு. பூமியில் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது என்றாலும், குழந்தைக்குக் காரணமில்லாமல் கொடுக்கிற பொருள் அல்ல அது. பல குழந்தைகளுக்கு முதல் நாள் அவசரப் பிரிவிலேயே சி.டி. எடுத்திருப்பார்கள். அந்தப் பிலிம் வீட்டு மஞ்சப்பையில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, எம்.ஆர்.ஐ.க்குப் பக்கத்தில் மாட்டிப் பார்ப்பதற்குச் செலவு பூஜ்யம்.

ரத்தமும் முதுகு நீரும்

மையலின் உறையிலுள்ள எம்.ஓ.ஜி. புரதத்தைத் தாக்கும் எதிரணுவைத் தேடும் ரத்தச் சோதனை கடந்த பதினைந்து ஆண்டுகளில் குழந்தை மருத்துவத்தின் இந்த மூலையைப் புரட்டிப் போட்டது. மையலின் தாக்குதலோடு முதல்முறை வரும் குழந்தைகளில் மூன்றில் ஒருவரிடம், ஏ.டி.இ.எம். குழந்தைகளில் சுமார் பாதிப் பேரிடம், இந்த எதிரணு இருக்கிறது. பொருத்தமான ஸ்கேனோடு சேர்ந்து பாசிட்டிவ் வந்தால், பயாப்ஸிப் பேச்சுப் பெரும்பாலும் அடங்கிவிடும்; மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் பட்டியலை விட்டு இறங்கிவிடும். தேவை சில மில்லி ரத்தம், சில ஆயிரம் ரூபாய், ரிசல்ட்டுக்குச் சில நாள். கத்தி வைப்பதற்கு முன் செய்தால்தான் அந்தச் சில ஆயிரத்துக்குப் பொருள்.

இன்னொரு ரத்தச் சோதனை எதிர்மறையில் மட்டும் பேசும். எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியவர்களுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு என்று 2022-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அமெரிக்கப் படைவீரர்கள் ஒரு கோடிப் பேரின் பதிவுகளில் 955 நோயாளிகளை வைத்துச் செய்தது. பெரியவர்களில் கிட்டத்தட்ட எல்லாருக்குமே இந்த வைரஸ் தொற்றியிருப்பதால் பாசிட்டிவுக்கு மதிப்பில்லை. நோயுள்ள குழந்தைகளிலோ 85 சதவீதத்துக்கு மேல் பாசிட்டிவ். ஆகவே ஒரு குழந்தைக்கு நெகட்டிவ் வந்தால், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்தானா என்று இன்னொரு தடவை யோசிக்க வைக்கும்.

முதுகில் நீர் எடுப்பதில் வரிசை உயிர்ப் பிரச்சினை. தலைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும்போது கீழே நீரைத் திறந்துவிட்டால் மூளை கீழ்நோக்கிச் சரியலாம். பெரிய திட்டு, நடுக்கோடு நகர்ந்திருக்கிறது என்றால் ஸ்கேனைப் பார்க்காமல் ஊசியைத் தொடக்கூடாது. பாதுகாப்பாக எடுத்தால், ஒலிகோகுளோனல் பட்டைகள் என்ற புரத அடையாளத்தைத் தேடலாம். வயதுவந்த நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேரிடம் இருக்கும். சின்னக் குழந்தைகளில் அந்த விகிதம் நன்றாகவே குறைகிறது.

4,500 மில்லிகிராம்

மையலின் தாக்குதலுக்கு முதல் மருந்து மெத்தில் பிரட்னிசலோன். கிலோவுக்கு 30 மி.கி., உச்சம் 1,000 மி.கி., 3 முதல் 5 நாள் டிரிப்ஸில். நம் 30 கிலோக் குழந்தைக்கு நாளுக்கு 900, ஐந்து நாளுக்கு 4,500 மி.கி. மொத்த ஏட்டில் மலிவான சிகிச்சை இதுதான். கேட்காவிட்டால் கிலோவுக்கு 2 கிராம் இம்யூனோகுளோபுலின். நம் குழந்தைக்கு 60 கிராம், அதாவது 5 கிராம் பாட்டில் 12. பில் லட்சத்தை எட்டும். அல்லது 5 முதல் 7 தடவை பிளாஸ்மா மாற்றம்.

'ஸ்டீராய்டு போட்டுப் பார்ப்போம், குறைந்தால் கட்டி இல்லை' என்று சொல்வது காதுக்கு நியாயமாகப் படும். ஆனால் கட்டியைச் சுற்றிய வீக்கமும் ஸ்டீராய்டில் வடியும். குழந்தை எழுந்து உட்காரும், சாப்பிடும், சிரிக்கும். குடும்பம் நேர்த்திக்கடனைச் செலுத்தக் கிளம்பும். மூளை லிம்ஃபோமாவானால் கட்டியே தற்காலிகமாகச் சுருங்கி, பிறகு எடுக்கும் பயாப்ஸியில் ஒன்றும் சிக்காமல் போகும். குழந்தைகளில் அது மிக அபூர்வம். ஆனாலும் ஸ்டீராய்டுக்கு முன் எல்லாப் படத்தையும், எல்லா ரத்தத்தையும் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று சொல்வதற்கு அந்த அபூர்வமே போதும். படுக்கையில் தெரியும் முன்னேற்றத்தைத் தனியாக நம்பக் கூடாது. சில வாரம் கழித்து எடுக்கும் இரண்டாவது எம்.ஆர்.ஐ.யில் திட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்க வேண்டும்.

ஒரு சென்டிமீட்டர் திசு

எல்லாம் செய்தும் கேள்விக்குறி நீங்காவிட்டால் பயாப்ஸி. ஊசியில் வருவது ஒரு சென்டிமீட்டர் நீளம், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள திசு. உயிராபத்து நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு. பயாப்ஸி என்றால் கடைசித் தீர்ப்பு என்றுதான் நாம் நினைக்கிறோம். மைக்ரோஸ்கோப்பின் அடியில் அந்தத் தீர்ப்பும் தடுமாறும். மையலின் திட்டில் வீங்கிய ஆஸ்ட்ரோசைட்டுகள் (நரம்பணுக்களைத் தாங்கும் துணை அணுக்கள்) நிறைய இருக்கும். அவற்றில் சிலவற்றின் உட்கரு துண்டுதுண்டாகச் சிதறி, புற்றணு பிரிந்துகொண்டிருப்பது போலவே தோன்றும்; க்ரூய்ட்ஸ்ஃபெல்ட் அணுக்கள் என்பார்கள். அவசரமாக உறையவைத்துப் பார்க்கும் சாம்பிளில் இது கட்டி என்றே படும். மையலின் எச்சங்களை விழுங்கி நுரைத்துக் கிடக்கும் மேக்ரோஃபேஜ்களையும், உறை போனாலும் இழை மிஞ்சியிருப்பதையும் காட்டத் தனிச் சாயங்கள் வேண்டும். 'மையலின் நோயாகவும் இருக்கலாம்' என்று விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதியிருந்தால்தான் நோயியல் நிபுணருக்கு அந்தச் சாயங்களைப் போடத் தோன்றும்.

மேயோ கிளினிக்கின் க்ளாடியா லூக்கினெட்டி குழுவினர் 2008-இல், பயாப்ஸியில் மையலின் நோய் என்று உறுதியான 168 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு முதல் தடவை திசு பார்த்தபோது வேறு நோய் என்றே எழுதப்பட்டிருந்தது. அதில் அதிகம் அடிபட்ட பெயர் தீவிரம் குறைந்த மூளைக் கட்டி. இவர்களின் நடு வயது 37. குழந்தைகளுக்கு அந்த விகிதத்தை அப்படியே பொருத்த முடியாது, எச்சரிக்கைக்குப் போதும்.

தவறான தீர்ப்பின் விலை அடுத்த மாதமே தெரியும். கட்டி என்றால், 'கரண்ட் வைக்கணும்' என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சு: 1.8 கிரே வீதம் 30 தடவை, மொத்தம் 54 கிரே, வாரம் ஐந்து நாளாக ஆறு வாரம். அந்தப் பத்து வயது மூளைக்கு அது தேவைப்படவே இல்லை என்றால், மையலின் நோயைக் கதிர்வீச்சு மோசமாக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. எதிர்த்திசைத் தவறும் மலிவானதல்ல. கட்டியை அழற்சி என்று நம்பி ஸ்டீராய்டோடு மாதங்களை ஓட்டிவிட்டால் கட்டி வளர்ந்துகொண்டே போகும். பிரிட்டனில் 2011-இல் தொடங்கிய 'ஹெட்ஸ்மார்ட்' பிரச்சாரத்துக்கு முன்பு, முதல் அறிகுறியிலிருந்து கட்டி கண்டுபிடிக்க ஆன காலத்தின் நடு அளவு 14 வாரத்துக்கு மேல். அது 6.7 வாரமாகக் குறைந்தது. செய்தது பெரிதாக ஒன்றுமில்லை: எந்த வயதில் எந்த அறிகுறி என்று ஒரு சிறு அட்டை அச்சடித்து டாக்டர்களுக்கும் பெற்றோருக்கும் கொடுத்தார்கள்.

கேள்விக்குறி போன பிறகு

தீர்ப்பு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று வந்தால் வேறொரு ஏடு தொடங்குகிறது. பதினாறு வயதுக்குள் நோய் வந்த 394 பேரைப் பெரியவயதில் வந்த 1,775 பேரோடு ஒப்பிட்ட 2007-ஆம் ஆண்டு ஆய்வில், குழந்தைகளுக்கு நோய் இடைவிடாது முற்றும் கட்டம் வர நடுஅளவில் 28 ஆண்டு ஆனது. நிதானமாகத்தான் நகர்கிறது. ஆனால் அப்போது அவர்கள் வயது 41. மற்றவர்களைவிட ஏறக்குறைய பத்து வயது முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

10 முதல் 17 வயதுவரையுள்ள 215 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான சோதனையில், ஃபிங்கோலிமாட் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஆண்டுக்கு 0.12 தாக்குதல், இன்டர்ஃபெரான் ஊசி போட்டவர்களுக்கு 0.67. நூறு குழந்தைகளுக்கு 12-க்கு எதிராக 67. குழந்தைகளுக்கென்று முறையாகச் சோதித்து அமெரிக்கா அனுமதித்த முதல் மருந்து அதுதான். 2010-இல் பெரியவர்களுக்காக அங்கே விற்பனைக்கு வந்தபோது ஆண்டுக்கு 48,000 டாலர். இந்தியாவில் ஜெனரிக் வந்தபின் விலை அந்த உயரத்தில் இல்லை, ஆனாலும் ஆண்டுக்கு 365 மாத்திரை.

தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தாங்கும். அது முதன்மையாகப் படுக்கையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கான ஏற்பாடு. தலையைத் திறக்கும் அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் அதில் வழி உண்டு. வெளிநோயாளியாக வந்து எடுக்கும் எதிரணுச் சோதனை, மாதாமாதம் வாங்கும் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வரும் பஸ் செலவு, அன்றைக்கு அப்பா விட்ட கூலி ஆகியவை பெரும்பாலும் குடும்பத்தின் பையிலிருந்தே போகின்றன.